டானிக் பாட்டிலைக் கீழே வையுங்கள், கடப்பாரையை எடுங்கள்

வீட்டுத் தோட்டம்: வாசகர் கேள்வி–பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பூச்சி பற்றிய புகாரைவிட மண் பற்றிய புலம்பல்தான் அதிகம். அதனால் பூச்சிக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, மண்ணை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

வீடு கட்டிக் குடிவந்து இரண்டு வருடம் ஆகிறது. பின்பக்கம் 12க்கு 10 அடி இடம் விட்டிருக்கிறோம். ஆசையாக வெண்டை, கத்தரி, தக்காளி எல்லாம் போட்டேன், அரை அடிக்கு மேல் எதுவும் எழும்பவில்லை. புதிதாக வரும் துளிர் வெளிறிப்போய் வருகிறது, நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது. மண்புழு உரம் ஐந்து கிலோ பை இரண்டு, பஞ்சகவ்யா, முட்டை ஓட்டுத் தூள், அடுப்புச் சாம்பல், டி.ஏ.பி., எப்சம் உப்பு எல்லாம் கொடுத்தாகிவிட்டது. மழை பெய்தால் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் நிற்கிறது. என்னதான் குறை?
— வாசகி, மேடவாக்கம்

கடைசி வரியில் நீங்களே பதிலையும் எழுதிவிட்டீர்கள் அம்மா. மழைத் தண்ணீர் ஒரு நாள் நிற்கிறதென்றால் அந்த மண்ணுக்குள் தண்ணீரே இறங்கவில்லை, வேர் எங்கே இறங்கும்? வேருக்கு வழியில்லாதபோது மேலே எதைக் கொட்டி என்ன?

உங்கள் பகுதியில் தாழ்வான மனைகளை லாரி லாரியாகச் சவுடு அடித்துத்தான் மேடாக்குவார்கள். அதன்மேல் ஜல்லி லாரி, மணல் லாரி, கம்பி லாரி எல்லாம் ஏறி இறங்கியிருக்கும். வீட்டின் பின்பக்கம் என்றால் பெரும்பாலும் கலவை போட்ட இடமே அதுவாக இருக்கும், சட்டியையும் கரண்டியையும் கழுவிய சிமெண்ட் தண்ணீர் அங்கேதான் ஊறியிருக்கும். வீடு முடிந்ததும் மேலே அரை அடி செம்மண்ணைப் பரப்பிவிட்டு 'தோட்டத்துக்கு இடம் ரெடி சார்' என்று மேஸ்திரி போய்விடுவார். மண்வெட்டியைப் போட்டுப் பாருங்கள், நாலு விரல் ஆழத்துக்கு அப்புறம் 'டங்' என்று சத்தம் கேட்டால் நான் சொல்வது சரி.

இரண்டு சோதனைகள், இரண்டுக்கும் காசு வேண்டாம். ஓர் அடி ஆழத்துக்கு ஒரு குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்பி, இரண்டாவது தடவை எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பாருங்கள். மணிக்கு ஓர் அங்குலமாவது இறங்கினால் பரவாயில்லை. மாலை நிரப்பிய தண்ணீர் காலையிலும் பாதிக்கு மேல் நின்றால் வடிகாலே இல்லை என்று பொருள். அடுத்தது, அதே குழியின் அடிமண்ணில் ஒரு கைப்பிடி எடுத்துக் காயவைத்து, அதில் சமையல் வினிகரைச் சில சொட்டு விட்டுக் காதருகே பிடியுங்கள். சுறுசுறுவென்று நுரைத்தால் மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறது. உங்கள் செடியின் துளிர் வெளிறுவதற்கும் அதுதான் காரணமாக இருக்கும். சுண்ணாம்பு மிகுந்த கார மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் செடியால் அதை எடுக்க முடியாது. இரும்புப் பற்றாக்குறை எப்போதும் இளம் இலையில்தான் முதலில் தெரியும், நரம்பு பச்சையாக நிற்க நடுப்பகுதி மட்டும் மஞ்சளாகும். கீழே உள்ள முதிர்ந்த இலைகள் முதலில் மஞ்சளானால் கதை வேறு, அங்கே தழைச்சத்தோ (நைட்ரஜன்) மக்னீசியமோ குறைவு.

இப்போது உங்கள் பட்டியலுக்கு வருவோம். முட்டை ஓடு என்பது சுண்ணாம்பு. அடுப்புச் சாம்பலும் காரம். ஏற்கெனவே சுண்ணாம்பால் திணறும் மண்ணில் இன்னும் சுண்ணாம்பு போட்டிருக்கிறீர்கள், இரண்டையும் இன்றோடு நிறுத்துங்கள். டி.ஏ.பி.யில் உள்ள மணிச்சத்து (பாஸ்பரஸ்) இந்த மண்ணில் சுண்ணாம்போடு சேர்ந்து கட்டிப்போய்விடும், அளவு மீறினால் இரும்பை எடுப்பதையும் கெடுக்கும். எப்சம் உப்பு மக்னீசியம் குறைந்த மண்ணுக்கு மருந்து, மற்றவர்களுக்கு அது வெறும் உப்புதான், வீடியோ போடுகிறவர்களுக்கு மட்டும் எல்லா நோய்க்கும் மருந்து. பஞ்சகவ்யா நல்லதுதான், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி கலந்து தெளித்தால் வளர்கிற செடி இன்னும் நன்றாக வளரும், ஆனால் அது இறுகிய மண்ணை உடைக்காது.

மண்புழு உரம்? பத்து கிலோவை 120 சதுர அடியில் பரப்பினால் ஒரு ரூபாய் நாணயத்தின் கனம்கூடத் தேறுமா என்பது சந்தேகம். இந்த மாதிரி மண்ணுக்கு இரண்டு அங்குலக் கனத்துக்கு மக்கிய எரு வேண்டும். உங்கள் இடத்துக்கு அது 20 கன அடி, சிமெண்ட் சாக்கில் நிரப்பினால் ஏறத்தாழ பதினாறு மூட்டை. அதை மண்புழு உரமாக வாங்கினால் கட்டுப்படியாகாது. பக்கத்தில் மாடு வைத்திருப்பவர்களிடம் மக்கிய தொழு உரம் கேளுங்கள். நன்றாக மக்கியதென்றால் சாணி வாசனை வராது, கையில் எடுத்தால் ஒட்டாமல் உதிரும், நிறம் கறுப்பாக இருக்கும்.

வேலையை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். முதல்நாள் தண்ணீர் விட்டு, மறுநாள் மண் ஈரமாக, ஆனால் கையில் ஒட்டாத பதத்தில் இருக்கும்போது கடப்பாரையால் ஒன்றரை அடிக்கு நெம்பி உடைக்க வேண்டும். ஆள் வைத்துச் செய்தாலும் தப்பில்லை, ஒரு நாள் கூலி நீங்கள் வாங்கிய பாட்டில்களின் விலையைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஜல்லி, சிமெண்ட் கட்டி, பிளாஸ்டிக் எது வந்தாலும் பொறுக்கி வெளியே போடுங்கள், வெள்ளையாகக் கெட்டித்துப்போன திட்டு எங்காவது தென்பட்டால் அந்த மண்ணையே அள்ளி அப்புறப்படுத்துங்கள். களியாக இருக்கிறதே என்று மணல் வாங்கிக் கலக்க வேண்டாம், களியும் கொஞ்சம் மணலும் சேர்ந்து காய்ந்தால் செங்கல் மாதிரி ஆகிவிடும். எருவைப் பரப்பி மேல் அரை அடியோடு கலந்துவிட்டு, மூன்று அடி அகலத்தில், முக்கால் அடி உயரத்தில் மேட்டுப்பாத்தி எடுங்கள். இரண்டு பக்கமும் நின்று கை எட்டுகிற அகலம் அது, பாத்திக்குள் இனி யாரும் கால் வைக்கக் கூடாது, பேரப்பிள்ளைகள் உட்பட.

ஆடிப்பட்டம் தேடி விதைக்கலாம், ஆனால் இந்த வருடம் விதைப்பது தக்கைப்பூண்டாக இருக்கட்டும். மண்ணோடு மடக்கவென்றே வளர்க்கும் பசுந்தாள் உரச் செடிகளில் நீர் தேங்கினாலும், மண் காரமாக இருந்தாலும் தாங்கி வளர்வது அதுதான். 100 கிராம் விதை போதும், இரவு ஊறவைத்துக் காலையில் தூவுங்கள். ஆளுயரம் வளர்கிறதே, வெட்ட மனசு வரவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். 45 நாளில், பூ எடுக்கும்போதே வெட்டிப் பொடியாக நறுக்கி மண்ணோடு மடக்கிவிட வேண்டும், விட்டால் தண்டு நாராகி மக்க நாளாகும். மடக்கி இரண்டு மூன்று வாரம் கழித்து காராமணி, கொத்தவரை என்று முரட்டுச் செடிகளாகப் போடுங்கள். தக்காளி, கத்தரியை ஐப்பசி மழை எல்லாம் ஓய்ந்து தைப்பட்டத்தில் வைத்துக்கொள்ளலாம். எப்போதும் மண் வெறுமையாகத் தெரியாதபடி காய்ந்த இலையோ வைக்கோலோ போட்டு மூடாக்கு இருக்கட்டும்.

இப்போது நிற்கும் செடிகளைக் காப்பாற்றத்தான் வேண்டும் என்றால், நாட்டு மருந்துக் கடையில் அல்லது உரக்கடையில் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) கிடைக்கும். உரத்துக்கென்று கேட்டு வாங்குங்கள். லிட்டருக்கு 5 கிராம், கூடவே அரை மூடி எலுமிச்சைச் சாறு கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு இலைமேல் தெளியுங்கள், பத்து நாள் விட்டு இன்னொரு தடவை. துளிர் பச்சை பிடிக்கும். ஆனால் அது தற்காலிகம்தான், கடப்பாரை வேலைக்கு ஈடாகாது.

எங்கள் வீட்டுப் போர் தண்ணீர் கொஞ்சம் உப்பு. செடி வைத்த இடத்தில் மண்மேல் வெள்ளையாகப் பூத்திருக்கிறது, இலை ஓரமெல்லாம் கருகுகிறது. ஜிப்சம் போடச் சொல்கிறார்கள். ஆர்.ஓ. மெஷினிலிருந்து வீணாகப் போகும் தண்ணீரைச் செடிக்கு விடலாமா?
— வாசகர், ராமநாதபுரம்

ஆர்.ஓ. கழிவு நீரை மட்டும் விடவே விடாதீர்கள். உங்கள் போர் தண்ணீரில் இருந்த உப்பை எல்லாம் ஒதுக்கிச் சேர்த்து வெளியே தள்ளுவதுதான் அந்த மெஷினின் வேலை, அதாவது அந்தக் குழாயில் வருவது போர் தண்ணீரைவிட அதிக உப்பு. கழிவறைக்கு, வாசல் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு கிடையாது, அதைத் தாராளமாகச் செடிக்கு ஊற்றலாம்.

ஜிப்சம் விஷயத்தில் அவசரம் வேண்டாம். வெள்ளையாகப் பூப்பது உவர் மண். அதற்கு மருந்து நல்ல தண்ணீரால் உப்பைக் கீழே கழுவி இறக்குவதுதான். களர் மண் வேறு. அது சோடியம் ஏறிய மண். ஈரத்தில் வழுக்கும், காய்ந்தால் இறுகும், தண்ணீர் கலங்கலாகவே நிற்கும். ஜிப்சம் வேலை செய்வது அதில்தான், அங்கேயும் எவ்வளவு என்பதை மண் பரிசோதனை சொல்ல வேண்டும், போட்ட பிறகு தண்ணீர் வடிந்து வெளியேற வழியும் இருக்க வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியது, தண்ணீர் விடும் முறையை மாற்றுவது. தினம் ஒரு செம்பு என்று தெளித்துக்கொண்டிருந்தால் தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் மேலேயே தங்கும். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை வேருக்குக் கீழே இறங்கும் அளவுக்கு நிறைய விடுங்கள், மேலே கனமாக மூடாக்குப் போடுங்கள். மழைக்காலத்தில் மொட்டைமாடித் தண்ணீரைப் பாத்திக்குத் திருப்பிவிட்டு நன்றாக ஊறவிடுங்கள். 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது வைத்த குழாய் பல வீடுகளில் வெறுமனே தொங்கிக்கொண்டிருக்கிறது, அதைச் சுத்தம் செய்தாலே பாதி வேலை முடிந்தது. ரசாயன உரமும் உப்புதான் என்பதால் இந்த மண்ணில் கையை அடக்கிப் போடுங்கள்.

பயிரையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பீன்ஸ், கேரட், வெங்காயம், முள்ளங்கி இவையெல்லாம் உப்பைத் தாங்காது. கொத்தவரை நன்றாகத் தாங்கும், பீட்ரூட்டும் பாலக்கும் ஓரளவு தாங்கும். முதல் வருடம் கொத்தவரங்காய்ப் பொரியல் கொஞ்சம் அதிகமாகச் சாப்பிட வேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காய்ப்பு முடிந்த தக்காளிச் செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் முழுக்க முடிச்சு முடிச்சாக இருந்தது. தழைச்சத்தைச் சேர்த்துவைக்கும் நல்ல முடிச்சு என்று சந்தோஷப்பட்டேன். அப்படியானால் செடி ஏன் நோஞ்சானாகவே இருந்தது?
— வாசகி, ஒட்டன்சத்திரம்

அந்த முடிச்சு அவரை, தட்டை, நிலக்கடலை, தக்கைப்பூண்டு போன்ற பயறுக் குடும்பத்துச் செடிகளில் மட்டும்தான் வரும் அம்மா. தக்காளியில் வந்தால் அது வேர்முடிச்சு நூற்புழு.

ஒரு காராமணிச் செடியையும் அந்தத் தக்காளியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காராமணி முடிச்சு வேரின் பக்கவாட்டில் மணி ஒட்டிவைத்த மாதிரி இருக்கும். நகத்தால் தள்ளினால் உதிர்ந்துவிடும், கிள்ளிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பு. தக்காளியில் வேரே வீங்கியிருக்கும், தள்ளினால் வராது, பிய்த்தால் வேரும் சேர்ந்து அறும். அந்த வீக்கத்துக்குள்தான் புழு இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் விட்டிருந்தும் மதிய வெயிலில் செடி வாடி, மாலையில் நிமிர்ந்துகொண்டிருந்திருக்கும், நினைவுபடுத்திப் பாருங்கள்.

பிடுங்கிய வேரை எருக்குழியில் போடாதீர்கள், காயவைத்து எரித்துவிடுங்கள். அதே இடத்தில் மறுபடி தக்காளி, கத்தரி, வெண்டை, பாகல், சுரை எதையும் வைக்க வேண்டாம், எல்லாமே அந்தப் புழுவுக்கு விருந்து. சித்திரை, வைகாசி வெயிலில் பாத்தியை நனைத்து, நிறமில்லாத பாலித்தீன் தாளால் ஓரம் காற்றுப் போகாமல் மூடி ஒரு மாதம் விட்டால் மேல்மண்ணில் உள்ள புழு பெருமளவு வெந்துவிடும். அதன்பின் துலுக்கச் சாமந்தியை, ஓரத்தில் அழகுக்கு நாலு செடி என்றில்லாமல், பாத்தி முழுக்க நெருக்கமாக ஒரு பட்டம் வளருங்கள். அதன் வேரில் ஊறும் சத்து இந்தப் புழுவுக்கு ஆகாது. அடுத்த நடவின்போது சதுர மீட்டருக்கு ஒரு கால் கிலோ வேப்பம் புண்ணாக்கைத் தூளாக்கிப் போட்டுக் கலந்துவிடுங்கள்.

மண் வளமாக மண்புழு வாங்கி விட்டால் போதுமா? எங்கே நல்ல புழு கிடைக்கும்?
— வாசகர், திருச்சி

வாங்காதீர்கள். கடையில் கிடைப்பவை எருக்குழிப் புழுக்கள், மக்கும் குப்பையின் மேலடுக்கில் வாழ்கிறவை. வெறும் மண்ணில் விட்டால் செத்துப்போகும் அல்லது கிளம்பிப் போய்விடும். மூடாக்கும் ஈரமும் ஆறு மாதம் விடாமல் இருந்தால் உங்கள் ஊர் மண்புழுவே கீழேயிருந்து மேலே வரும், அதற்கு யாரும் காசு கேட்க மாட்டார்கள்.

கரிசல் மண். பொலபொலப்பாகட்டும் என்று மரக்கடையில் சும்மா கிடைத்த மரத்தூளை நாலு மூட்டை வாங்கிக் கொத்திக் கலந்தேன், கூடவே பச்சைச் சாணியும். செடியெல்லாம் அடியிலிருந்து மஞ்சளாகி நின்றுவிட்டது. மண்ணைக் கிளறினால் கட்டை விரல் தடிமனில் வெள்ளைப் புழு வேறு.
— வாசகர், அருப்புக்கோட்டை

மரத்தூள் மக்க வேண்டுமானால் அதைத் தின்னும் நுண்ணுயிருக்குத் தழைச்சத்து வேண்டும். மரத்தூளில் அது இல்லை, அதனால் மண்ணில் இருப்பதை எடுத்துக்கொள்கிறது. செடிக்கு மிச்சமில்லை. மக்கி முடிந்ததும் அந்தத் தழைச்சத்து திரும்பக் கிடைத்துவிடும், ஆனால் அதற்கு மாதக்கணக்கில் ஆகும், அதுவரை செடி காத்திருக்காது. கழுவி மக்கவைக்காத தென்னை நார்க்கழிவிலும் இதே தொல்லை உண்டு. அதே மரத்தூளை மண்ணோடு கலக்காமல் மேலே மெல்லிசாகப் பரப்பியிருந்தால் தொந்தரவு இருந்திருக்காது.

கலந்ததைத் திரும்ப எடுக்க முடியாது. அந்த நுண்ணுயிருக்குத் தீனி போடுவதுதான் வழி. கடலைப் புண்ணாக்கு ஒரு கிலோவைப் பத்து லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவிட்டு, கரைசல் ஒரு பங்குக்குத் தண்ணீர் பத்துப் பங்கு சேர்த்து வாரம் ஒருமுறை ஊற்றுங்கள். நாற்றம் தாங்காது, பக்கத்து வீட்டில் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. இல்லையென்றால் இந்தப் பட்டம் அந்த இடத்தைச் சும்மா விட்டுவிட்டுப் பசுந்தாள் உரச் செடியான சணப்பைத் தூவுங்கள், அது தனக்கு வேண்டிய தழைச்சத்தைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும்.

வெள்ளைப் புழு வண்டின் புழு. அவ்வளவு பெரிதென்றால் காண்டாமிருக வண்டாகத்தான் இருக்கும். பச்சைச் சாணியைத் தேடி வந்து முட்டையிட்டிருக்கிறது. பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள். பக்கத்தில் தென்னை இருந்தால் ஒன்றைக்கூட விடாதீர்கள், இதுவே வளர்ந்து குருத்தைக் குடையும். இனிமேல் சாணியைக் குறைந்தது மூன்று நான்கு மாதம் மக்கவிட்டுத்தான் போட வேண்டும். இன்னொன்று, கரிசலில் மழை விட்டதும் இறங்கிக் கொத்தாதீர்கள். மண்ணை உருட்டினால் உருண்டை பிடிக்காமல் உதிரும் பதம் வரட்டும், அதற்குமுன் மிதித்தால் அந்தக் கட்டி அடுத்த மழைவரை உடையாது.

எதற்கெடுத்தாலும் மண் பரிசோதனை என்கிறீர்களே, வீட்டுத் தோட்டத்துக்கெல்லாம் செய்து தருவார்களா? எப்படி எடுத்துப் போவது?
— வாசகி, திருப்பத்தூர்

தருவார்கள். வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையமோ, வேளாண் அறிவியல் நிலையமோ உங்கள் மாவட்டத்தில் இருக்கும், கட்டணம் சொற்பம்தான். வயல் இல்லையே என்று தயங்க வேண்டாம், 'வீட்டுத் தோட்டம், காய்கறி' என்று எழுதிக் கொடுத்தால் போதும்.

எடுப்பதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு, 'வி' வடிவத்தில் அரை அடிக் குழி வெட்டி, அதன் பக்கச் சுவரிலிருந்து மேலிருந்து கீழாக ஒரே கனத்தில் மண்ணைச் சீவி எடுக்க வேண்டும். இப்படி ஐந்தாறு இடத்தில் எடுத்துப் பிளாஸ்டிக் வாளியில் கலந்து, தாளில் பரப்பி நான்காகப் பிரித்து எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளிவிடுங்கள். அரைக் கிலோ மிஞ்சும்வரை இதையே செய்து, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்டிக்கொண்டு போங்கள். எருக்குழிப் பக்கம், மரத்தடி, சுவரோரம் எடுக்கக் கூடாது. உரம் போட்ட கையோடு எடுத்தாலும் கணக்குத் தப்பாகத்தான் வரும்.

தாளில் வரும் எண்களில் மூன்றை மட்டும் முதலில் பாருங்கள். கார அமில நிலை, அதாவது பி.எச்., 6.5-லிருந்து 7.5-க்குள் இருந்தால் நிம்மதி. உப்பின் அளவைச் சொல்லும் மின்கடத்து திறன் 1-க்குக் கீழே இருக்க வேண்டும். மண்ணில் உள்ள மக்கின் அளவைக் காட்டும் அங்ககக் கரிமம் 0.5 சதவீதத்துக்குக் கீழ் என்றால் குறைவு, 0.75-ஐத் தாண்டினால் மிக நல்லது. நம் ஊர் வெயிலில் மக்கு சீக்கிரம் எரிந்துபோவதால் பெரும்பாலும் 0.5-ஐத் தொடாமல்தான் வரும், பயப்பட வேண்டாம், ஒவ்வொரு பட்டத்துக்கும் எரு போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். பி.எச். 8-ஐத் தாண்டியிருந்தால் தாளை எடுத்துக்கொண்டு அதே நிலையத்தில் உட்கார்ந்து கேளுங்கள், தண்ணீரையும் ஒரு லிட்டர் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனால் இரண்டையும் சேர்த்துப் பார்த்துச் சொல்வார்கள்.